மல்லேப்பள்ளி ஐ.டி.ஐ.

ஹைதராபாத் என்றாலே எல்லோர் கண்ணுக்கும் ஹைடெக் சிட்டிதான் படுகிறது. எனக்கு மல்லேப்பள்ளி ஐ.டி.ஐ. முக்கியம். 2024 ஜூன் 18 அன்று முதல்வர் ரேவந்த் ரெட்டி உயர்தொழில்நுட்ப மையங்களுக்கு அடிக்கல் நாட்டியது அங்கேதான். தெலங்கானாவின் 65 அரசு ஐ.டி.ஐ.க்கள், டாடா டெக்னாலஜீஸுடன் கூட்டு, சுமார் 2,324 கோடி ரூபாய். இது நம் தமிழ்நாடு இதே நிறுவனத்தோடு 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் முன்பே தொடங்கிய வேலைதான்.

கையால் சக்கரம் திருப்பும் பழைய லேத்தில் பழகிய பையன், வேலையில் சேர்ந்த முதல் நாள் கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரத்தின் திரை முன்னால் எந்தப் பொத்தானைத் தொடுவதென்று தெரியாமல் நிற்பான். கையில் சான்றிதழ் இருந்தும் பயனில்லை. இனி இந்த மையங்களால் சி.என்.சி., ரோபோ, மின்வாகனப் பழுதுபார்ப்பு எல்லாம் படிக்கும் இடத்திலேயே கைவரும். மனசு நிறைகிறது.

ஆனால் எந்திரம் மட்டும் போதாது. கிராமத்துப் பிள்ளைக்குத் தங்க விடுதி, பஸ் பாஸ், மனம்விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாக. அடுத்த ஒப்பந்தத்தில் இதையும் எழுதச் சொல்லிக் கேட்போம்.

உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குப் பத்தாவது முடித்த பிள்ளை இருந்தால், தயவுசெய்து ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.