லோரோங் கூலிட் சவரக்கத்தி

பினாங்கில் பழைய சவரக்கத்தி வாங்க வேண்டுமானால் லோரோங் கூலிட் சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். நகர விளையாட்டரங்கை ஒட்டிய அந்தச் சந்தையில், தரையில் விரித்த படுதாக்களின்மேல் நின்றுபோன கைக்கடிகாரங்களும் பழைய நாணயங்களும் பூட்டுகளும் கலந்து கிடக்கும். அந்தக் குவியலுக்குள் எங்காவது ஒரு மடக்குக்கத்தி தலைகாட்டும். என்னை அழைத்துப்போனவர் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நெடுங்காலம் முடிவெட்டிய பெரியவர். குறைந்த செலவில் பழைய கத்தியை எப்படிச் சீர்செய்வது என்று பார்க்கவே போனேன். செலவு கூடுவதும் குறைவதும் கத்தியைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது என்பதை அந்தச் சந்தையில் கண்டேன்.

மூன்று கத்திகள் கண்ணில் பட்டன. பளபளவென்று மின்னியதைத்தான் அவர் முதலில் ஒதுக்கினார். “யாரோ மோட்டார்ல வச்சுத் தேச்சிருக்காங்க, தம்பி. நுனியப் பாருங்க, நீலம் பாய்ஞ்சிருக்கு.” சவரக்கத்தியின் வாய் மிக மெல்லியது. சுழலும் சக்கரத்தில் பட்டால் நொடியில் சூடேறிவிடும். நீலம் பூப்பது சுமார் 300 பாகை செல்சியஸில். அந்தச் சூட்டைக் கண்ட எஃகு பதம் இழந்து இளகிவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. இரண்டாவது கத்திக்கு செல்லுலாய்டு கைப்பிடி. அழகான பிடிதான். ஆனால் செல்லுலாய்டு பழசாகிச் சிதையும்போது கசியும் ஆவி இரும்பை அரிக்கும். பிடிக்குள் மடங்கிக் கிடந்த பகுதி மட்டும் அரித்துப்போயிருந்தது.

மூன்றாவது, கன்னங்கரேல் என்று இருந்தது. பிடி மாட்டுக்கொம்பு. வாலில் சோலிங்கன் என்ற ஊர்ப்பெயர் முத்திரை. அந்த ஊரில் செய்யாத கத்திக்கு அந்தப் பெயரைப் பொறிக்கக் கூடாது என்று ஜெர்மனியில் 1938இல் சட்டமே போட்டார்கள். ஆனாலும் முத்திரையை நம்பி அவர் வாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, கத்தியின் வாயை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெயிலில் பார்த்தார். கருமை கெடுதல் செய்யாது. செந்துரு மேலாக இருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம். வாயோரத்தில் துரு குழி பறித்திருந்தாலோ, மயிரிழை விரிசல் ஓடியிருந்தாலோ வேண்டாம். இதில் இரண்டும் இல்லை. பேரம் பதினைந்து வெள்ளியில் முடிந்தது. புதிய சோலிங்கன் கத்திக்குச் சில நூறு வெள்ளி ஆகும். காசு குறைவாக இருப்பவர் கல் வாங்குவதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிவிடுவது நல்லது.

சந்தையிலிருந்து திரும்பியதும், பெரியவரின் கடையின் பின்கட்டில் வேலை தொடங்கியது. கத்தியைப் பிடியோடு இணைக்கும் ஆணி தளர்ந்திருந்தது. பிடியைப் பிரித்தால் புதுப் பித்தளை ஆணி, வளையம் என்று செலவு ஏறும். அவர் பிரிக்கவில்லை, இரும்புக் கட்டையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டியே இறுக்கினார். பிறகு எண்ணெய் தொட்ட உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, முதுகிலிருந்து வாயை நோக்கி ஒரே திசையில் தேய்த்தார். செந்துரு போனதும் நிறுத்திவிட்டார். கருமையையும் போக்கலாமே என்றேன். “அது துருவைத் தடுக்கும். இருக்கட்டும்.” கண்ணாடிபோல மின்ன வைக்க ஆசைப்பட்டால் தாளும் செலவாகும், முத்திரையும் தேய்ந்து போகும்.

அடுத்ததுதான் நான் காத்திருந்த வேலை. உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றில் 1000 எண் தாளை நனைத்து ஒட்டினார். முதுகு தேயாமல் இருக்க அதன்மேல் ஒரு சுற்று டேப். வாயோரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு. சவரக்கத்தியில் கோணத்தைக் கை தேட வேண்டியதில்லை; முதுகும் வாயும் ஒருசேரப் படிந்தால் சுமார் 16 பாகைக் கோணம் தானாக அமைந்துவிடும். கை செய்ய வேண்டியது அழுத்தாமல் இருப்பது மட்டும். மார்க்கர் கோடு முழுநீளமும் அழிந்த பிறகே 2000 எண் தாளுக்குப் போனார். 8000, 12000 எண் ஜப்பானியக் கற்களின் விலை இந்தக் கத்தியின் விலையைப்போலப் பல மடங்கு. அவரிடம் இருந்ததோ, தொழில் பழகிய காலத்திலிருந்து வைத்திருக்கும் உள்ளங்கையளவுச் சாணைக்கல். கல்லில் வாயை முன்னே விட்டுத் தள்ளினார். தோல்வாரில் முதுகை முன்னே விட்டு இழுத்தார். திருப்பும்போது கத்தி முதுகின்மேலேயே புரண்டது. வாரில் முதலில் பச்சைப் பசை, பிறகு வெறும் தோல். முன்கை மயிரில் வைத்தார், தொட்டதும் உதிர்ந்தது.

இத்தனை தெரிந்த கை, கடையில் இந்த வகைக் கத்தியால் சவரம் செய்து நெடுநாளாகிவிட்டது. 1980களில் எய்ட்ஸ் பயம் பரவிய பிறகு, ஆளுக்கொரு புது பிளேடு செருகும் கத்தி வந்தது. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயிலில் மொட்டை போடுகிறவர்களுக்கும் இப்போது பிளேடுதான். அந்த மாற்றம் சரியானது. அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. என் கவலை தொழிலைப் பற்றியது. மலேசியாவில் இந்திய முடிதிருத்தகங்களுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது 2009இல் முடக்கப்பட்டது. 2023இல்தான் முடிதிருத்தம், ஜவுளி, நகை மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அரசு இசைந்தது. முடிவெட்டவே ஆள் கிடைக்காதபோது, வாரில் தீட்டக் கற்றுக்கொள்ள யார் வந்து உட்காருவார்கள்? தானாகச் சவரம் செய்துகொள்ளும் சில இளைஞர்கள் பழைய கத்தியோடு இவரைத் தேடி வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தந்தது. கூலி வாங்குவதைவிட, பக்கத்தில் உட்காரவைத்து அவர்கள் கையாலேயே தீட்டவைக்கிறார்.

அந்தக் கத்தியும் அப்படி ஒரு இளைஞருக்காக வாங்கியதுதான். மாலையில் வந்தார். பெரியவர் அவரிடம் சொன்னார்: “ஒரு கத்தி ஒரு முகத்துக்குத்தான், யாருக்கும் குடுக்காதீங்க. குளியலறையில வைக்காதீங்க, நம்ம ஊரு ஈரத்துக்கு ஒரு ராத்திரி போதும். தொடச்சு எண்ணெய் பூசுங்க. தினமும் வார்ல மட்டும் போடுங்க. இழுத்துச்சுன்னா கல்லத் தொடாம இங்க கொண்டாங்க.”