உறுதி

'உறுதி' என்னுஞ் சொல் யாழ்ப்பாணத்தவர்க்கு இருபொருள் தருவது. திண்மை என்பது ஒன்று. காணிக்குரிய சாசனம் என்பது மற்றொன்று. நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது மூலம் உரியவரிடஞ் செல்லும். ஒரு பிரதி அவருடைய கோவையில் தங்கும். மற்றொரு பிரதி அடுத்த மாதம் 15ஆந் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படல் வேண்டும். ஒன்று அழியினும் மற்றவை சான்று பகரும் என்னும் அறிவே இவ்வேற்பாட்டின் அடிப்படை.

அவ்வறிவின் அருமையை இம்மண் துன்பத்தினூடே கற்றது. 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அச்சேறிய நூல்கள் பல பிறவிடங்களிலும் இருந்தன. தனிப்பிரதியாக இருந்த ஏடுகள் மீளவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நாலு நாளில் திரும்பலாமென்று உறுதிகளை அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சென்றோர் பலர். அவருள் ஒரு முதியவர் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை, அலுமாரியுமில்லை, நொத்தாரிசின் கோவையும் அகப்படவில்லை. பதிவகத்துப் பிரதியொன்றே அவருடைய நாலு பரப்புக் காணியை மீட்டது.

அம்முதியவரின் பேர்த்தி கணினி விஞ்ஞானம் பயில்பவள். தங்கள் கிராமத்துச் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தின் பேரேடுகளைக் கணினியில் ஏற்றும் பணி அவளிடம் வந்தது. காரியாலயம் ஒன்று, கிளைகள் இரண்டு. மூன்றிலும் மூன்று பொறிகளை நிறுத்தி, புதுவகைப் பரவல் தரவுத்தளமொன்றை அவற்றில் இயக்க விரும்பினாள். ஒரு பொறி எரிந்தாலும் மற்றவை தாங்குமென்று அவள் விளக்க, கிழவர் கேட்ட கேள்வி இது: "பிள்ளை, காசு வரவிலை விழுந்திட்டுது எண்டு உன்ரை பெட்டி சொல்லுது. மற்றப் பெட்டியளிலையும் விழுந்தாப் பிறகோ சொல்லுது, விழ முதலோ?"

"அது நாங்கள் கேக்கிற விதத்தைப் பொறுத்தது, அம்மப்பா" என்றாள் அவள். சொன்ன பின்னரே அவ்விடை அவளை உறுத்தத் தொடங்கியது.

உறுதி முடித்த நாளுக்கும் பிரதி பதிவகஞ் சேரும் நாளுக்கும் இடையே ஒரு வெளி உண்டு. புதிய தரவுத்தளங்களின் வரலாறு பெரிதும் இந்த வெளியின் வரலாறே. 2009இல் வெளிவந்த மொங்கோ டிபி, 2012 நவம்பர் வரை, எழுதப்பட்டதென்ற ஒப்புகை வருமுன்னரே நிரலை மேலே செல்ல விடுவதைத் தன் இயல்பு வழக்கமாகக் கொண்டிருந்தது. வேகம் மெச்சப்பட்டது, அதற்குக் கொடுத்த விலை பின்னரே பலர்க்குத் தெரிந்தது. கசாண்ட்றாவோ ஒரே பதிவுக்கு இரு மாற்றங்கள் வந்தால் பிந்திய நேரக்குறி உடையதையே கொள்ளும். பொறிகளின் கடிகாரங்கள் ஒத்தோடாவிடின் பிந்தியது எதுவென யார் துணிவது? ஒரே காணிக்கு இரு உறுதிகள் முளைத்தால், வஞ்சனை இல்லாதவிடத்து, முதலிற் பதிந்ததற்கே நம் சட்டம் முதன்மை தருகின்றது. வரிசையைப் பதிவகம் ஒன்றே வகுப்பதால் அது இயல்கின்றது. பல பொறிகளிடையே அத்தகைய வரிசையை நிறுவுதற்குக் கூகிள் நிறுவனத்தார் தம் ஸ்பானர் அமைப்பில் அணுக்கடிகாரங்களையும் செய்ம்மதி நேரத்தையும் நாட வேண்டியிருந்தமை 2012இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையாற் புலனாகும்.

இதனினும் கடியது பிரிவு. 2000இல் எரிக் புறூவர் முன்மொழிந்து, 2002இல் கில்பேட்டும் லிஞ்சும் நிறுவிய தேற்றம் இதனைக் கூறும்: இணைப்பு அறுந்தவிடத்து, எல்லாப் பொறிகளும் விடையளித்தலும் எல்லா விடைகளும் ஒத்திருத்தலும் ஒருங்கே நிகழா. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி முகமாலையில் மூடுண்ட காலத்தைக் கண்டவர்க்கு இத்தேற்றத்தை விளக்க வேண்டுவதில்லை. அறுந்த கரையில் நிற்பவன் வாளாவிருத்தல் வேண்டும். அன்றேல் தன் பொறுப்பிற் கருமமாற்றிப் பின்னர் கணக்கொப்புவித்தல் வேண்டும்.

முதிர்ச்சியை எதனால் அளப்பது? விளம்பரத்தால் அன்று என்பது தெளிவு. 2013 முதல் கைல் கிங்ஸ்பரி என்பார் ஜெப்சன் என்னும் சோதனையால் இத்தளங்களைப் புடமிட்டு வருகின்றார். ஓடிக்கொண்டிருக்கும் பொறிகளிடையே இணைப்பை வேண்டுமென்றே அறுத்து, ஏற்றதாகக் கூறப்பட்ட பதிவுகள் எஞ்சினவா என எண்ணுவதே அவர் முறை. பெயர்பெற்ற தளங்கள் பல அதிற் சறுக்கின. சில தம் பிழையை ஏற்றுத் திருத்தின. அவ்வாறு திருத்தியவற்றையே நம்பத் தொடங்கலாம். வயதும் தனித்துச் சான்றாகாது. 1980களின் ஆய்வொன்றில் வேர்கொண்ட போஸ்ற்கிறெஸ் தளத்திலும், அதன் மிகக் கண்டிப்பான காவல்நிலையில் நெடுநாள் உறங்கிய பிழையொன்றை 2020இல் அச்சோதனை எழுப்பியது. எனினும் பழைய தளத்தின் பிழைகளிற் பல ஏற்கனவே பிறர் தலையில் விடிந்து முடிந்தவை. ஏழைகளின் சேமிப்பை வைத்துப் புதிய பிழைகளைக் கண்டுபிடிப்பது அறமன்று என அப்பெண் துணிந்தாள்.

ஆகவே காரியாலயத்தில் ஒரு போஸ்ற்கிறெஸ் பொறியும், வீதிக்கு அப்பாலுள்ள வாசிகசாலையில் அதன் துணைப்பொறியும் வைக்கப்பட்டன. துணைப்பொறியிலும் எழுதப்பட்ட பின்னரே வரவு ஏற்கப்படும். துணைப்பொறி விழுந்தால் முதற்பொறியும் எழுதாது நிற்கும், நிற்கட்டும் என்றாள். கிளைகளுக்கு இணைப்பு அற்றால் வைப்புப் பணத்தைப் பற்றுச்சீட்டு எழுதி ஏற்கலாம். மீளப் பெறுவோர் மட்டும் இணைப்பு வரும்வரை பொறுத்தல் வேண்டும். கூட்டுவதை எவ்வொழுங்கிற் கூட்டினும் தொகை மாறாது. இல்லாத பணத்தை இருவர்க்குக் கொடுத்துவிட்டால் அதனைத் திருத்துதல் அரிது. சங்கத்தார் சிலர் முணுமுணுத்தனர். இணையம் இடைக்கிடை அறும் இக்காலத்தில் மீளப்பெறுதலை நிறுத்துவதா என்பது அவர்தம் முறைப்பாடு. அது நியாயமற்றதென்றுஞ் சொல்வதற்கில்லை.

அவள் விரும்பிய புதுத்தளம் வீட்டு விறாந்தையில், மூன்று பழைய கணினிகளிற் சங்கக் கணக்கின் போலிப் பிரதியோடு ஓடிக்கொண்டிருக்கின்றது. ஞாயிறுதோறும் கிழவர் சாய்மனைக் கதிரையை விட்டெழுந்து, தமக்குப் பிடித்த வயர் ஒன்றைக் கழற்றிவிட்டு, கணக்குச் சரியோ என்று கேட்பார்.