குறைந்த செலவில் பெங்களூர்

ஓசூர்த் தொழிற்சாலைகளில் உழைக்கும் நம் குடும்பங்கள் பலவற்றிற்கு, நாற்பது கிலோமீட்டரே தொலைவாயினும் பெங்களூர் எட்டாத நகரமாகவே உள்ளது. போனால் பணம் கரைந்துவிடும் என்னும் அச்சமே காரணம். இரவு தங்காமல் திரும்பினால் அச்சத்தில் பாதி அகலும். மறுபாதியைக் கட்டுச்சோறு அகற்றும்.

2025 ஆகஸ்டு முதல் பொம்மசந்திரா வரை மெட்ரோ இரயில் ஓடுகிறது. ஓசூர்ப் பேருந்தில் அங்கு இறங்கி, மெட்ரோவில் ஆர்.வி. சாலை நிலையம் சேர்ந்து, பச்சைத் தடத்திற்கு மாறினால் மூன்றாவது நிலையம் லால்பாக். ஆட்டோவுக்கு வேலையில்லை. ஐதர் அலி தொடங்கிய அத்தோட்டம் 240 ஏக்கர் பரப்புடையது. பிள்ளைகளுக்கு முதலில் காட்டத்தக்கது மலரன்று. ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் பழமையான பாறை. கெம்பே கவுடா கோபுரம் நிற்கும் அதன் உச்சிக்கு ஏறியே தீரவேண்டும்.

அங்கிருந்து சிவாஜி நகருக்கு நகரப் பேருந்து போதும். 2023 ஜூனில் கருநாடகம் பெண்களுக்கு அளித்த கட்டணமில்லாப் பயணம் அம்மாநிலத்தில் வசிப்போர்க்கே உரியது. அத்திப்பள்ளிக்கு இப்புறம் வாழும் நம் அன்னையர் சீட்டு வாங்கவேண்டும். எல்லைக்கோடு நம் கண்ணுக்குத் தெரியாவிடினும் நடத்துநருக்குத் தெரியும்!

சிவாஜி நகரில், 1882-இல் எழுந்த புனித மரியன்னை பசிலிக்காவில் தமிழிலும் திருப்பலி உண்டு. செப்டம்பர் 8 திருவிழாவன்று கூட்டம் அலைமோதும். கைக்குழந்தையோடு செல்வோர் வேறொரு நாளைத் தேர்தல் நலம்.