காசி எவ்வளவு தூரம்?

மயிலாப்பூரில் வசிக்கும் அந்த அம்மையாருக்கு வயது எழுபத்தெட்டு. அவர் இல்லத்துப் பூஜை அறையில், மஞ்சள் துணியால் வாய் கட்டிய சிறிய பித்தளைச் செம்பு ஒன்று நெடுங்காலமாக இருந்தது. 1984-ஆம் ஆண்டு அவருடைய கணவர் இராமேசுவரத்தில் தீர்த்தமாடி எடுத்து வந்த மணல் அதனுள் இருந்தது.

சேதுக்கரை மணலைப் பிரயாகைத் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, அங்கிருந்து கொணரும் கங்கை நீரால் இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வித்தால்தான் காசி யாத்திரை நிறைவுறும் என்பது ஆன்றோர் வகுத்த முறை. கணவர் முதற்படியோடு நின்றுவிட்டார். பெண்ணின் திருமணம், பிள்ளையின் படிப்பு, அலுவலகத்தில் விடுப்பின்மை, ஓய்வு பெற்ற பின் முழங்கால் வலி என்று ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு தடை. "அடுத்த வருஷம் கட்டாயம் போவோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், போகாமலேயே சிவபதம் அடைந்தார்.

வருஷாப்திகம் முடிந்ததும் மகன் விமானச் சீட்டு வாங்கினார்.

"காசிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அம்மையார் கேட்டார்.

"நேர் விமானம் அம்மா. இரண்டரை மணி நேரம்."

"திருப்பதிக்குப் போகவே அதைவிட நேரம் ஆகிறதே!"

வான்வழியில் சென்னைக்கும் காசிக்கும் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். இரயிலில் சென்றால் 2,000 கிலோமீட்டருக்கும் அதிகம். கிருஷ்ணா, கோதாவரி, நர்மதை ஆகிய புண்ணிய நதிகளைக் கடந்து, ஒன்றரை நாளுக்கு மேல் பயணம். இரயிலும் இல்லாத பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபர சுவாமிகள் காசி சென்று மடம் நிறுவினார். அக்காலத்தில் காசிக்கு நடந்து சென்றவர், திரும்பி வருவார் என்னும் உறுதியின்றியே ஊரிடம் விடைபெற்றார்.

விமானத்தில் அம்மையார் சிவநாம ஜபம் தொடங்கினார். எண்ணிக்கை முடியுமுன்னரே இறங்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அப்போது அவர் உள்ளத்தில் எழுந்தது பக்தியன்று, கோபம். 'இவ்வளவுதானா? இதற்கா நாற்பது வருஷம் காக்க வைத்தீர்கள்?' என்று மறைந்த கணவரிடம் மனத்துக்குள் கேட்டார்.

விசுவநாதரையும் அன்னபூரணியையும் விசாலாட்சியையும் தரிசித்தபோதும் அக்கோபம் தணியவில்லை. மறுநாள் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் காரில் பிரயாகை சென்றார்கள். கங்கையும் யமுனையும் கூடும் இடத்தில் படகு நின்றது. மஞ்சள் துணியை அவிழ்க்கையில் மகன் மெல்லச் சொன்னார்:

"அம்மா, காசிக்கென்று அப்பா சேர்த்து வைத்த பணத்தில்தான் என் முதல் வருஷக் கல்லூரிக் கட்டணம் கட்டினார். உங்களிடம் சொல்லக் கூடாது என்றார்."

அம்மையார் மறுமொழி கூறவில்லை. செம்பைச் சாய்த்தார். மணல் நீரில் விழுந்து, கணப்பொழுதில் மறைந்தது. அவர் வெகுநேரம் அந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கணவரின் பெயரைச் சொல்லி ஒரு முறையும் தமக்காக ஒரு முறையும் மூழ்கி எழுந்தார்.

முத்திரையிட்ட கங்கைச் செம்பைக் கையோடு எடுத்துச் செல்ல விமானத்தில் அனுமதியில்லை. பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். வீடு வந்ததும் அது பழைய செம்பு இருந்த இடத்தில் அமர்ந்தது.

"தை பிறக்கட்டும் அம்மா, இராமேசுவரம் போய்வரலாம்" என்றார் மகன்.

"வேண்டாமப்பா. இந்த மாதமே சீட்டு எடு" என்றார் அம்மையார்.