ஜீனி சேர்த்தா, சேர்க்காமலா?

திருவொற்றியூர் தேரடி. மெட்ரோவை விட்டு இறங்கி டீக்கடை வாசலில் நிற்கிறோம். "ஜீனி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று நண்பன் கேட்டான்.

"அரை ஸ்பூன் போதும்" என்றேன்.

முறைத்தான். அவன் கேட்டது என்னை இல்லையாம். செல்போனில் ஒரு பாயிடம் பேசிக்கொண்டிருந்தான். விஷயமும் டீ இல்லை, குதிரை.

மதுரைக்காரனான எனக்கு ஜீனி என்றால் சர்க்கரை. குதிரைக்காரர்களுக்கு ஜீனி என்றால் முதுகில் போடுகிற சேணம். முப்பத்து நாலு வயதில் ஒரு புது வார்த்தை!

நண்பன் பெயர் வேண்டாம். அவன் மனைவி இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர். குதிரை சமாச்சாரம் வீட்டுக்கு இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. பகலில் ராயபுரத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் பில் போடுகிறான். முகூர்த்த நாட்களில் எர்ணாவூரில் கல்யாண டெக்கரேஷன். மாப்பிள்ளை அழைப்புக்கு எல்லோரும் வெள்ளைக் குதிரை கேட்கிறார்கள், வாடகை கட்டுப்படியாகவில்லை, சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று தீர்மானம். துணைக்கு நான். என் தகுதி, பி.காம்.

சிரிக்காதீர்கள். பி.காம். படித்தவனுக்குக் குதிரை நன்றாகவே தெரியும். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத் திறந்தால் உதாரணம் பூராவும் குதிரைதான். பேரம் பேசும்போதே குதிரை செத்துப் போயிருந்தால் ஒப்பந்தம் செல்லாது. 1000 ரூபாய்க் குதிரையை மனசார 10 ரூபாய்க்கு விற்றால் செல்லும். ஏலத்தில் நோஞ்சான் குதிரையை வாயைத் திறக்காமல் விற்றால் மோசடி கிடையாது. ஆனால் வாங்குவது சொந்த மகளாக இருந்தால் சொல்லியாக வேண்டும். 'என் வெள்ளைக் குதிரை 500 ரூபாய் அல்லது 1000 ரூபாய்' என்று வழவழா கொழகொழாவாகப் பேசினால், அதுவும் செல்லாது.

இத்தனை குதிரையில் ஒன்றுக்காவது ஜீனி சேர்த்தியா என்று எழுதியிருக்கிறதா என்றால், இல்லை. 1882-ம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம் வீட்டுக்கு மட்டும் தெளிவாகச் சொல்கிறது: வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை பூட்டு, சாவி, கதவு, ஜன்னல் எல்லாம் வீட்டோடு போகும் என்று. குதிரைக்காரன் பாடு, பேசிக்கொண்டதுதான் சட்டம்.

அன்று காலை நாங்கள் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ஸ்டேஷன் இங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து வாலாஜா ரோடு வரை போயிற்று. ராயபுரம் என்ற பெயர் ராயப்பரிடமிருந்து வந்தது. அதாவது செயின்ட் பீட்டர். அவர் பெயரில் கோயில் கட்டியவர்கள் இந்தப் பகுதிப் படகுக்காரர்கள். துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் நடுக்கடலிலேயே நின்றுவிடும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் மனுஷனும் மூட்டையும் அலை தாண்டிக் கரைக்கு வரவேண்டும்.

அந்தக் காலத்து மதராஸுக்குக் கப்பலில் குதிரையும் வந்தது, ஆஸ்திரேலியாவிலிருந்து! நியூ சவுத் வேல்ஸ் குதிரை என்பதால் 'வேலர்' என்று பெயர். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காக வந்தவை. சேணம் தைக்கக் கான்பூரில் அரசாங்கத் தொழிற்சாலையே இருந்தது. குதிரை ஒரு கண்டம், ஜீனி வேறு கண்டம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐந்து நிமிஷம் நின்றோம். ஒருவர் பழைய ஃபைபர் போட் விலை கேட்டுக்கொண்டிருந்தார். "வெறும் போட்டா, செட்டோடவா?" என்றார் விற்பவர். இன்ஜின், வலை, ஜி.பி.எஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடங்கியது. நாலாவது விரலில் வாங்க வந்தவர் முகம் சுருங்கியது.

டோல்கேட்டில் மெட்ரோ ஏறினோம். அடுத்த ஸ்டேஷன் காலடிப்பேட்டை. யார் காலடியும் இல்லை. கோலெட் என்ற வெள்ளைக்கார கவர்னர் பெயரில் உண்டான பேட்டை, நம் வாயில் காலடி ஆகிவிட்டது. அடுத்தது தேரடி. இந்தத் திருவொற்றியூருக்கு ஒரு இரும்புக் குதிரையும் உண்டு. 1950-களில் புல்லட் மோட்டார் சைக்கிள் தயாரிக்கத் தொழிற்சாலை வைத்த ஊர் இது. பிற்பாடுதான் ஒரகடம், வல்லம் என்று கிளைகள் பரவின. இரும்புக் குதிரைக்காவது சட்டம் இருக்கிறது: டூ வீலர் விற்றால் ஹெல்மெட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 138. ஷோரூமில் கேட்டுப் பாருங்கள். கேட்டவனுக்குத்தான் கிடைக்கும்.

பாய் வீடு தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில். எழுபது வயசு இருக்கும். வாசலிலேயே குதிரை. பால் வெள்ளை. கல்யாணத்துக்கு ஏற்ற 'நுக்ரா' ரகம். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பி.காம். என்று தெரிந்துவிட்டது போல.

"குத்ர எழுபத்தஞ்சு. செட்டு ஒம்போது. அது தனி" என்றார் பாய். செட் என்றால் ஜீனி, கடிவாளம், லகான், வயிற்று வார், கண்பட்டை. சுவரில் வரிசையாகத் தொங்கின. பக்கத்திலேயே ஒரு பித்தளைச் சலங்கை மாலை.

"யானையை வித்துட்டு அங்குசத்துக்கு மல்லுக்கு நிக்கறீங்களே பாய்!"

"நான் எங்க தம்பி நிக்கறேன்? நீதான் நின்னுகினு இருக்க. எண்பத்து நாலு குடு, அங்குசமும் உன்னுது."

நண்பன் போனைத் தட்டினான். ஆன்லைனில் செட் நாலாயிரத்துக்குக் கிடைக்கிறது. ஐயாயிரம் மிச்சம்! "ஜீனி வேணாம் பாய். குதிரை மட்டும்."

பாய் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் கையிலிருந்த புதுக் கயிற்றைக் குதிரைக்குக் கட்டிவிட்டு, பழைய கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊர்ப் பக்கம் மாடு விற்றாலும் இதுதான் வழக்கம். கயிறு மாறிவிட்டால் சரக்கு கைமாறியது என்று அர்த்தம்.

மதுரைக்காரனுக்கு இந்த இடத்தில் வயிற்றைக் கலக்கும். அரிமர்த்தன பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் கதை தெரியுமே? ஈசன் நரிகளைக் குதிரைகளாக்கிக் கொண்டுவந்தார். முறைப்படி கயிறு மாற்றிக் கொடுத்தார். ராத்திரியே எல்லாம் நரியாகிவிட்டன. கயிறு மாறிய பிறகு விற்றவரைப் பிடிக்க முடியுமா? அடி வாங்கியவர் மாணிக்கவாசகர். 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்திலும் ஏறக்குறைய இதுதான்: உடைமை மாறும்போது ஆபத்தும் சேர்ந்தே மாறும்.

எங்கள் குதிரை நரியாக மாறவில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வரை சாதுவாக வந்தது.

அந்த ரோட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வலது பக்கம் கடலரிப்புக்காகக் கொட்டிய கருங்கல், அதற்குப் பின்னால் கடல். இடது பக்கம் துறைமுகத்துக்காகக் காத்து நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள். எர்ணாவூர் மூன்று கிலோமீட்டர் இருந்தால் அதிகம். 'நடத்தியே கூட்டிப் போயிடலாம்' என்றான் நண்பன்.

இருநூறு அடி போயிருப்போம். பின்னாலிருந்து ஒரு டிரெய்லர் ஏர் ஹார்ன் அடித்தது. குதிரை இரண்டு காலில் எழுந்து நின்றது. கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போயிற்று. நண்பன் கருங்கல் மேல் விழுந்தான். டிரெய்லர் டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றாரோ, நாங்கள் பிழைத்தோமோ. ஒரு முழம் இடைவெளி! குதிரை சாலையைக் குறுக்கே வெட்டி, வந்த வழியே பறந்துவிட்டது.

எழுபத்தைந்தாயிரம் ரூபாய், நாலு காலில் ஓடுகிறது. எந்த வண்டியில் அடிபடுமோ, யாரை இடிக்குமோ என்று மூச்சிரைக்கத் திரும்பி ஓடினோம்.

சந்தில் நின்றுகொண்டிருந்தது. பாய் தோளில் தலையை வைத்துக்கொண்டு! பாய் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே என் கையைப் பார்த்தார். "மஞ்சத்தூள் போடு தம்பி" என்றார். 'கயிறு மாறியாச்சு, எனக்கென்ன' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அதுக்குப் பின்னாடி வர்றதும் தெரியும். நம்மள மாதிரி இல்ல, கண்ணு சைடுல இருக்குது. அதுக்குத்தான் கண்பட்டை. லாரி ரோட்ல அது இல்லாம நான் ஒரு நாளும் எறக்குனது இல்ல."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா பாய்?"

"ஒம்போதாயிரத்துக்குப் பொய் சொல்றேன்னு நெனச்சிருப்ப."

நண்பன் தலைகுனிந்தான். நானும்தான்.

பிறகு பாய் குதிரையின் முதுகைக் காட்டினார். ரோமம் இல்லாமல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வழுக்கை. இதற்கு முன் வைத்திருந்தவர், வேறு குதிரையின் ஜீனியைப் போட்டு ஓட்டியதில் வந்த புண்ணாம். ஆறிவிட்டது, முடி முளைக்கவில்லை. "செருப்பு மாதிரிதான் தம்பி. ஊருக்கெல்லாம் ஒரே சைஸ் கெடையாது." ஜீனி அந்த முதுகுக்குப் பொருந்தி இருந்தால் சேர்த்து வாங்க வேண்டும். பொருந்தாவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கடிவாளமும் அப்படித்தான், அந்த வாய்க்குப் பழகியது. தீனியும் அப்படித்தானாம். திடீரென்று மாற்றினால் குதிரைக்கு வயிற்றுவலி வரும்; அதிலேயே போய்விடுவதும் உண்டு. பழைய தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் புதுசுக்குக் கொண்டுவர வேண்டும்.

பாய் பேசப் பேச எனக்கு மார்க்கோ போலோ ஞாபகம் வந்தார். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்தவர். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வருகிறது, ராஜா வருஷத்துக்கு இரண்டாயிரம் வாங்குகிறார், பொன்னாகக் கொட்டிக் கொடுக்கிறார், ஆனால் வருஷக் கடைசியில் நூறு மிஞ்சினாலே அதிகம் என்று எழுதிவைத்தார். காரணம், பராமரிக்கத் தெரியவில்லை. லாடக்காரன் இல்லை. சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டார்களாம். வியாபாரிகள் லாடக்காரனைக் கூட்டி வருவதும் இல்லை, வர விடுவதும் இல்லை. செத்தால்தானே அடுத்த வருஷமும் ஆர்டர்!

எதிரே இருந்த பாய் நினைத்திருந்தால் அதே வியாபாரத்தைச் செய்திருக்கலாம். அவர் லாடக்காரர் நம்பரைத் தன் பேரனிடம் சொல்லி எழுதச் சொன்னார். எந்த வேளைக்கு எவ்வளவு கொள்ளு, எவ்வளவு தவிடு என்று அதற்குக் கீழேயே எழுத வைத்தார். ஒரு மூட்டைத் தீனியை இழுத்துப் போட்டார். "இது சேர்த்திதான். துட்டு வோணாம்."

நண்பன் மறுபேச்சில்லாமல் ஒன்பதாயிரத்தை ஜிபேயில் அனுப்பினான். ஷிப்பிங் பில்லின் பின்பக்கத்தில் நான் பட்டியல் எழுதினேன்: ஜீனி ஒன்று, கடிவாளம் ஒன்று, லகான், வார், கண்பட்டை, தீனி மூட்டை ஒன்று. காலையில் பேரத்துக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டிய வேலை. நீங்கள் குதிரை வாங்கப் போவதில்லை. பழைய பைக் வாங்குவீர்கள், வாடகைக்கு வீடு பிடிப்பீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டு போதும். என்ன சேர்த்தி, என்ன தனி, முக்கியமாக எது இல்லாமல் அது ஓடாது.

பட்டியலை மடிக்கும்போது பாய் சலங்கை மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அதுவும் செட்லதானே பாய்?"

"இல்ல. இது எங்க அத்தா ராயபுரம் ஸ்டேஷன்ல ஜட்கா ஓட்டும்போது கட்டினது. குத்ர மாறிக்கினே இருந்துச்சு. இது மட்டும் மாறல."

நண்பன் என்னைப் பார்த்தான். செட்டோடு சேர்த்துத்தானே தொங்கிக்கொண்டிருந்தது, வாதாடலாம். நான் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருப்பது மோசடி ஆகாது.

சாயங்காலம் வெயில் இறங்கியதும் மறுபடி கிளம்பினோம். ஜீனி, கடிவாளம், கண்பட்டை, சகல அலங்காரம். குதிரை அசையவில்லை! இழுத்தான், தட்டினான், கெஞ்சினான். பாய் பெருமூச்சு விட்டு எழுந்தார். சலங்கையைக் கையில் பிடித்து ஒரு குலுக்கு. குதிரை நடக்க ஆரம்பித்தது.

அப்படியே எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஊர்வலம் போனோம். முன்னால் சலங்கையோடு பாய், நடுவில் குதிரை, பின்னால் கைக்கட்டோடு நான். டிரெய்லர்கள் ஹார்ன் அடித்தன. குதிரை காதை மட்டும் ஆட்டியது. நண்பன் எண்ணூர்ப் பக்கம் கை காட்டினான். காமராஜர் துறைமுகத்தில் ஏற்றுமதிக் கார்களை ஓட்டிக்கொண்டே கப்பலுக்குள் ஏற்றுவார்களாம். ஏற்றிவிட்டு டிரைவர்கள் இறங்கி வந்துவிடுவார்கள். காருக்கு அது போதும். முன்னால் நடக்கிற கிழவரைப் பார்த்துக்கொண்டே குதிரைக்குப் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

எர்ணாவூர் ஷெட்டில் பாய் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். ஆணி கிடக்கிறதா என்று தேடினார். தண்ணீர்த் தொட்டியை நகர்த்தி வைத்தார். ஒன்பது மணியாகியும் கிளம்பவில்லை. கடைசியில் நண்பன்தான் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"பாய்... முகூர்த்த நாள்ல மட்டும் நீங்க கூட வர முடியுமா?"

பாய் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சலங்கை சேர்த்தா, சேர்க்காமலா?"

"சேர்த்துத்தான் பாய்."

"அப்போ அது தனி ரேட்டு" என்றார்.