இரண்டு மணிப் பாடம்

முதியோர் இல்லத்தில் பாடம் நடத்தத் தோதான நேரம் மதியம் இரண்டு மணி. காலை டூட்டி ஆயாம்மாக்கள் இன்னும் கிளம்பியிருக்க மாட்டார்கள். அடுத்த டூட்டிக்காரர்கள் வந்திருப்பார்கள். இரண்டு ஷிப்டும் சேர்ந்திருக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரே ஒரு விஷயம், ஒரு கட்டிலருகே நின்றபடி. அதற்கு மேல் நான் கேட்பதில்லை, நிர்வாகமும் தராது.

வருடத்துக்கொரு முறை மண்டபம் பிடித்து, புரொஜெக்டர் போட்டு, டிபனும் சான்றிதழும் கொடுக்கும் பயிற்சிகளிலும் பேசியிருக்கிறேன். டிபன் நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கே வந்து உட்காருபவர்கள் பெரும்பாலும் மேலாளரும் நர்ஸும்தான். புரட்டிப் படுக்கவைப்பவரும் ஊட்டிவிடுபவரும் டயப்பர் மாற்றுபவரும் இல்லத்திலேயே இருப்பார்கள். அவர்களையும் மண்டபத்துக்கு அழைத்தால் பெரியவர்களை யார் பார்ப்பது? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி முதியோர் இல்லங்களை அரசு அமைக்கலாம் என்கிறது. கட்டடம் எழுந்துவிடும். அத்தனை உடம்புகளையும் தூக்கி இறக்கத் தெரிந்த கைகள் தானாக வந்துவிடாது.

நான் எப்போதும் படுக்கைப்புண்ணில்தான் தொடங்குவேன். தோல் சிவப்பதுதான் முதல் அறிகுறி, விரலால் அழுத்தியும் வெளுக்காவிட்டால் எச்சரிக்கை என்று புத்தகத்தில் படித்தோம். படத்தில் இருந்ததோ வெள்ளைத் தோல். நம் கறுத்த பாட்டிகளின் முதுகில் அந்தச் சிவப்பு கண்ணுக்கு எளிதில் அகப்படாது. அதனால் புறங்கையை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், பின்மண்டை, ஒருக்களித்தே படுப்பவர்களுக்குக் காது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ சில்லிட்டோ இருக்கிறதா, கெட்டித்திருக்கிறதா, தொளதொளவென்று இருக்கிறதா? “மாம்பழம் வாங்குற மாதிரி, இல்லையா சிஸ்டர்?” என்று ஒரு அக்கா கேட்டார். இப்போது எல்லா இல்லத்திலும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்த இடங்களில் எண்ணெய் போட்டு நீவிவிடும் வழக்கத்தை விடவைப்பதுதான் கடினம். மாமியாருக்கு, அம்மாவுக்கு என்று வீட்டில் அன்போடு செய்து பழகிய கை அது. ரத்த ஓட்டம் தடைபட்டு நைந்துபோன சதையை மேலும் கசக்குகிறோம் என்று சொன்னால் தலையாட்டுவார்கள். நான் போனதும் எண்ணெய்க் கிண்ணம் வந்துவிடும். கையை வெறுமனே நிறுத்தச் சொன்னால் நிற்காது, வேறு வேலை கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பாட்டியை முப்பது டிகிரி சாய்த்து முதுகுக்குத் தலையணை கொடுங்கள், குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று வையுங்கள் என்பேன். அந்த எண்ணெயைக் காய்ந்த முழங்கைக்குத் தடவிக்கொள்ளட்டும், அதில் தவறில்லை.

மூக்குக் குழாயில் உணவு போகிறவர்களுக்குத் தலைமாட்டை உயர்த்தியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவு எதிர்த்து வந்து நுரையீரலுக்குள் இறங்கும். ஆனால் உயர்த்தி வைத்தால் உடம்பு கீழே சரிந்து வால் எலும்பருகே தோல் இழுபடும். இரண்டுமே உண்மை. இதை வாயால் விளக்கிப் பயனில்லை. “அக்கா, நீங்களே படுங்க” என்று காலிக் கட்டிலில் படுக்கவைத்துத் தலைமாட்டைச் சுற்றி ஏற்றுவேன். “சீலை அங்கயே நிக்குது சிஸ்டர், நான் மட்டும் சறுக்குறேன்” என்றார் ஒருவர். தோலும் அந்தச் சீலையைப்போல அங்கேயே நிற்கிறது, எலும்புதான் சறுக்குகிறது. முதலில் முழங்காலை மடக்கித் தலையணை வை, பிறகு தலைமாட்டை ஏற்று என்ற வரிசையை அதன்பின் அவருக்கு நான் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

இன்சுலின் பாடத்துக்கு வெறும் தண்ணீர் போதும். நம்மூர் குப்பிகளில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி. நாற்பது குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இருபது கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட். நூறு மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 50. இரண்டிலும் இருபது கோடு வரை தண்ணீர் இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவேன். ஊசி போடுவது நர்ஸின் வேலைதான். ஆனால் சர்க்கரை இறங்கி ஒருவர் வியர்த்துக் குழம்பும்போது எதிரே இருப்பவர் ஆயாம்மா. முழித்து விழுங்குகிறவருக்குச் சர்க்கரைத் தண்ணீர், மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இந்த ஒன்றை மட்டும் எல்லா இல்லத்திலும் திரும்பத் திரும்பக் கேட்பேன்.

கை கழுவுவதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலாளரிடம் பேசுகிறேன்.

நைட் டூட்டி ஆயாம்மா காலையில் “தாத்தா இன்னிக்குச் சரியில்ல” என்பார். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் சிறுநீரில் கிருமித் தொற்றோ நிமோனியாவோ வரும். திடீர்க் குழப்பம்தான் வெளியே தெரியும். ஆனால் “சரியில்ல” என்ற சொல்லுக்கு டாக்டர் போனை வைத்துவிடுவார். அதனால் மூன்று கேள்வி பழக்குகிறேன்: நேற்றைவிடச் சாப்பாடு குறைந்ததா? மூத்திரம் எத்தனை முறை, என்ன நிறம்? பேச்சில் என்ன மாறியது? “நேத்து என் பேரு சொல்லிக் கூப்பிட்டாரு, இன்னிக்கு அவங்க அக்கான்னு நினைக்கிறாரு, ராத்திரியிலேருந்து ஒரு தடவைதான் போனாரு” என்று அதே ஆயாம்மா சொன்னால் டாக்டர் கிளம்பி வருகிறார். ஆயாம்மாவுக்குப் புதிதாக எதையும் நான் கற்றுத்தரவில்லை. கண்டதை டாக்டர் காதில் விழும்படி சொல்லத்தான் பழக்கினேன். இதைத்தான் என் வேலையாக நினைக்கிறேன்.

“பயிற்சி குடுத்தா வேற இடத்துக்குப் போயிடறாங்க மேடம்” என்பது முதலாளிகளின் நிரந்தரக் குறை. கொடுக்காவிட்டாலும் போகத்தான் செய்கிறார்கள், சம்பளம் அப்படி.

இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். தமிழ் அட்டவணை உதவாது என்பதால் கட்டில் தலைமாட்டில் கடிகாரம் வரைந்து, இரண்டு மணிக்கொரு முறை இடம், மல்லாக்க, வலம் என்று அம்புக்குறி போட்டிருக்கிறோம். புதியவர்களுக்கு அதைக் காட்டிக்கொடுப்பது பழைய அக்காக்கள். நான் பக்கத்தில் நின்று திருத்த மட்டும் செய்கிறேன். அடுத்த பாடம் பொடிக்கக் கூடாத மாத்திரைகள். மெல்லக் கரைய வேண்டியதை ஊட்டவும் குழாயில் விடவும் வசதி என்று அம்மியில் நுணுக்குகிறார்கள். மருந்து அலமாரியிலிருந்து அட்டைகளை எடுத்துப் பிரித்து வைக்கும்படி நர்ஸிடம் சொல்லியிருக்கிறேன்.