கடைசி ஸ்லாபுக்குப் பிறகு

திருத்தணியில் ஏறினால் ஜன்னலோரம் உட்காரலாம். அரக்கோணத்துக்கு மேல் நிற்கவே இடம் இருக்காது. பதினேழு வருஷம் சீசன் டிக்கெட்டில் சென்னைக்கு வேலைக்குப் போய்வந்தவன் நான். எந்தப் பக்கம் உட்கார்கிறோம் என்று பார்த்ததே இல்லை. 2017 தை மாதத்திலிருந்து இடப்பக்கம்தான் வேண்டும் என்றாகிவிட்டது. அண்ணனூர் தாண்டி அம்பத்தூர் வருவதற்குள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு கட்டடம் பத்து விநாடி தெரியும். அதன் மூன்றாவது மாடியில் எங்களுக்கு ஒரு ஃப்ளாட்.

மகள் அப்போது பிளஸ் ஒன். கல்லூரிக்கு அவளும் என்னைப் போலத் தினமும் நாலு மணி நேரம் ரயிலில் கழிக்கக் கூடாது என்பதற்காகத்தான் வாங்கினோம். முப்பது மாதத்தில் சாவி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அதாவது 2019 ஜூலை. முதல் வருஷம் மட்டும் ரயிலில் போகட்டும், மிச்சம் இரண்டு வருஷம் வீட்டிலிருந்தே போவாள் என்று கணக்குப் போட்டோம்.

ராத்திரி வீடு திரும்பினால் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனாவது மாடிடா?" அவருடைய பள்ளிச் சான்றிதழில் மாவட்டம் சித்தூர் என்று இருக்கும். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தபோது எங்கள் ஊர் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி. முன்நின்ற எல்லைப் போராட்டம், நடுவர் படாஸ்கரின் பரிந்துரை எல்லாம் கடந்து, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆறரை வருஷம். மலைமேல் ஒன்பது நிலை ராஜகோபுரம் வருஷக்கணக்கில் எழும்பியதையும் அவர் கீழேயிருந்து பார்த்தவர். காத்திருப்பது அவருக்குப் பழகிய விஷயம். எனக்கு அப்படியில்லை, மாதம் பிறந்தால் வங்கிக்கு வட்டி கட்ட வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கட்டடம் வேகமாக எழ வேண்டும் என்று நான் ஒருநாளும் வேண்டியதில்லை. 2014 ஜூன் 28 சாயங்காலம் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஸ்ரீகாகுளம், விஜயநகரம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அதில் பலர். எங்கள் ஊரில் தெலுங்குச் சேனலும் ஓடும். ஊரிலிருந்து கிளம்பி வந்த சொந்தக்காரர்களின் அழுகையை அவர்கள் மொழியிலேயே கேட்டோம். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அது நடந்து மூன்றாம் மாதம் நாங்கள் அட்வான்ஸ் கொடுத்தோம். அதனால் ஸ்லாப் போட்ட மறுநாள் ஜன்னல் வழியாக நான் முதலில் தேடியது தண்ணீரைத்தான்.

தளத்தின் மேல் சிமென்ட் கலவையால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். காலை வெயில் பட்டால் நாற்றங்கால் போல மின்னும். சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது ஏழு நாள், சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் பத்து நாளாவது அந்த ஈரம் காயக் கூடாது. கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்கும் கணக்கே 28 நாள். தளத்துக்குப் போதிய பலம் வரும்வரை முட்டும் பலகையும் அதைச் சுமக்கத்தான் வேண்டும். பாத்தியில் தண்ணீர் தெரிந்த வாரங்களில் கட்டடம் ஒரு அடிகூட உயராது. ஆனாலும் நிம்மதியாக இருந்தேன். கட்டடத்துக்கு வேண்டிய நேரம் அது.

2017இல் மணல் தட்டுப்பாடு வந்தது. லாரி மணல் கிடைப்பதே பெரும்பாடு. எம்-சாண்டுக்கு எல்லோரும் மாறிக்கொண்டிருந்த காலம். இரண்டு மாதம் வேலை நின்றது. சைட் ஆபீசில் கேட்டால் "டிசைன்ல சின்ன மாற்றம் சார்" என்றார்கள். வெளியே வந்தேன். வாட்ச்மேன் தன் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தது தெலுங்கு. எங்கள் தெருவில் பாதிப் பேர் பேசும் மொழிதானே. "என்னண்ணா, வேலை ஏன் நின்னுபோச்சு?" என்று தெலுங்கிலேயே கேட்டேன். அவர் முகம் மாறியது. "இசுக ராலேது பாபு" என்றார். மணல் வரவில்லை. ஒரே வரி. அந்த வரியை ஆபீசில் இருந்தவர் சொல்லியிருந்தால் நான் ஏற்றுக்கொண்டு போயிருப்பேன். மணல் இல்லாமல் யார் என்ன செய்ய முடியும்?

அன்றிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை அம்பத்தூரில் இறங்கி அவரைப் பார்க்காமல் நான் ஊர் திரும்பியதில்லை. ஸ்ரீகாகுளம் மாவட்டத்துக்காரர். தரைத்தளத்தில், கார் நிறுத்தத்துக்கு விட்ட இடத்தில், தகரம் சாத்தி ஒரு குடித்தனம். நாலு வயசில் ஒரு பையன். கொத்தனாரின் சிவப்புப் பென்சிலால் ஒரு தூணில் அவன் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். என் இடுப்பளவில் இருந்தது முதல் கோடு.

2018 டிசம்பரில் கடைசி ஸ்லாப் போட்டார்கள். அப்பாவுக்கு அன்று போனிலேயே சொன்னேன். உண்மையில் கவலைப்பட வேண்டிய நாள் அதுதான் என்று இப்போது தெரிகிறது. அஸ்திவாரத்துக்கு ஒரு தவணை, ஒவ்வொரு ஸ்லாபுக்கும் ஒரு தவணை என்று வங்கி பணம் கொடுக்கும். கடைசித் தளம் முடிந்ததும் முக்கால் பங்குக்கு மேல் கைமாறியிருக்கும். மிச்சம் இருப்பது பூச்சு, ஒயரிங், பிளம்பிங், டைல்ஸ், லிஃப்ட், ஈ.பி. கனெக்‌ஷன். ஆள் அதிகம், செலவு அதிகம், வரவேண்டிய பணமோ கொஞ்சம். வாங்கிய பணம் அதற்குள் வேறு மனைக்குப் போயிருந்தால் இந்தக் கட்டடம் அப்படியே நிற்கும். வடக்கே நொய்டாவில் ஆம்ரபாலி குழுமத்தில் பணம் கட்டிய பல ஆயிரம் குடும்பங்களுக்கு நடந்தது அதுதான். 2019 ஜூலையில் உச்சநீதிமன்றம் தலையிட்டு, மிச்ச வேலையை அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

எங்கள் கட்டடம் ஏழு மாதம் நின்றது. மொட்டை மாடித் தொட்டிக்காக நீட்டி விட்ட கம்பிகள் துருப்பிடித்து, மழைக்குப் பிறகு சுவரில் காவி நிறக் கோடுகள் இறங்கின. சாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். பாத்தித் தண்ணீரைப் பார்த்துப் பழகிய கண் துருவையும் படித்தது. "இன்னும் மூணே மாசம் சார்" என்று ஆபீசில் சொன்ன அதே மாதம், "டப்புலு இவ்வலேது" என்று வாட்ச்மேன் சொன்னார். மேஸ்திரிக்குக் கூலி பாக்கி. அதனால் ஆள் வரவில்லை.

ரியல் எஸ்டேட் சட்டத்தை நான் படிக்க உட்கார்ந்தது அப்போதுதான். 2016இல் இயற்றி 2017 மே 1 முதல் முழுதாக அமலுக்கு வந்த சட்டம். வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், அந்தக் கட்டடத்துக்கும் அதன் நிலத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை எதுவரை வந்திருக்கிறது என்று ரியல் எஸ்டேட் ஆணையத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். தாமதமானால், விலகுபவருக்குப் பணம் வட்டியோடு திரும்ப வேண்டும். காத்திருப்பவருக்குச் சாவி கிடைக்கும்வரை மாதாமாதம் வட்டி. வேலை நடந்துகொண்டிருந்த பழைய கட்டடங்களையும் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் எங்களுடையதும் அங்கே இருந்தது. தேடிப் பார்த்தேன். முடியும் தேதி என்ற இடத்தில் 2020 டிசம்பர் என்று போட்டிருந்தது.

எங்களிடம் சொன்னது 2019 ஜூலை, அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்தது 2020 டிசம்பர். 2017இலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசியபோதெல்லாம் அந்தத் தேதி அவர்களுக்குத் தெரியும். தாமதத்தை விட இதுதான் என்னைச் சுட்டது. ஒன்றரை வருஷம் தள்ளும் என்று அன்றே சொல்லியிருந்தால், மகளுக்குக் கல்லூரி பக்கத்தில் ஒரு ஹாஸ்டல் பார்த்திருப்பேன். அவள் ஐந்தேகால் மணிக்கு எழுந்து, ரயிலில் நின்றுகொண்டே படித்தாள்.

பதினெட்டுக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து எழும்பூர் காந்தி இர்வின் சாலையில் இருந்த ஆணையத்துக்குப் போனோம். பதிவின்போது எழுதிக் கொடுத்த புதுத் தேதியால் ஒப்பந்தத் தேதி அழிந்துவிடாது என்று 2017 டிசம்பரிலேயே மும்பை உயர்நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பின் நகலும் எங்கள் கோப்பில் இருந்தது. நோட்டீஸ் போன மாதமே சாரம் திரும்பக் கட்டினார்கள்.

பூச்சு வேலை பாதியில் இருக்கும்போது 2020 மார்ச்சில் ஊரடங்கு. ரயில் நின்றது, என் ஜன்னலும் போயிற்று. அந்த மாதங்களில் வாட்ச்மேன் போனில் படம் அனுப்புவார். வேலையாட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், இவர்கள் மட்டும் போகவில்லை. ஆள் இல்லாத வராண்டா, உறைந்துபோன சிமென்ட் மூட்டை, ஒருமுறை பையன் தூணில் சாய்ந்து நிற்கிற படம். மே மாதத்தில் மத்திய அரசு இத்தகைய கட்டடங்களுக்கு ஆறு மாதம் கூடுதல் அவகாசம் அறிவித்தது. நான் கோபப்படவில்லை. காரணம் ஊருக்கே தெரிந்த காரணம்.

2021 ஆவணியில் சாவி வாங்கினோம். மகள் அந்த மே மாதமே டிகிரியை முடித்துவிட்டாள். பால் காய்ச்சும் நாளுக்கு முந்தின வாரம் பெயின்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் குடும்பம் அதற்கு முன்பே ஒரகடம் பக்கம் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டிருந்தது. தகரம் இருந்த இடத்தில் கார் நிறுத்த மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். அந்தத் தூணில் ஒன்பது பென்சில் கோடுகள். மேலே இருந்தது என் மார்பளவு. பெயின்டர் ரோலரோடு வந்தார்.

"அண்ணா, இந்த ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் அடிக்காம விட்டுடுங்களேன்."

"ஓனர் திட்டுவாரே சார்?"

"நான் சொல்லிக்கிறேன்."

மேலிருந்து கீழ்வரை டேப் ஒட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் அடித்துவிட்டுப் போனார்.